முதல் திரையில் ஒரே பெயர்

ஒஸ்மானி பகயாவோவுக்கு நிரல் எழுத வராது. இது அவனுடைய எதிரிகள் கட்டிவிட்ட கதை இல்லை, அவனே ஒப்புக்கொள்வான். அவனுக்குக் கைவந்தது வேறு வேலை. எழுதினவருடைய கணினியில் மட்டும் சமத்தாக ஓடி, அடுத்த வீட்டுக்குப் போனால் படுத்துக்கொள்கிற நிரலை வாங்குவான். அதற்கு வேண்டிய உதிரிக் கோப்புகள், எழுத்துரு, தரவுதளம் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டுவான். யார் இரண்டு தடவை தட்டினாலும் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்ஸ்டாலர் செய்வது என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பூங்காவில் வெயிலில் உட்கார்ந்து, அட்டை சுரண்டி, மணிக்கணக்கில் இணையம் வாங்கிய காலம் அது. எங்கள் கமகுவே ஊரில் ஒரு சின்னக் கோப்பு விட்டுப்போனால்கூட அவ்வளவுதான், யாரும் அதைத் தரவிறக்கிக்கொள்ளப் போவதில்லை. ஊசி நூல் முதற்கொண்டு உள்ளே இருந்தாக வேண்டும்.

அவனிடம் அப்படி வந்ததுதான் ‘பாலோமார்’, புறாக்கூடு என்று அர்த்தம். எழுதியவள் தாமாரிஸ் கிஞ்ஞோனெஸ். பல்கலைக்கழகத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவனுடைய பாதித் தேர்வுகளை எழுதாத குறையாகப் பாஸ் பண்ணவைத்தவள். லா கரிதாத் பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழே இரண்டு அறைகளில் அம்மாவோடும், அண்ணன் குடும்பத்தோடும் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தாள். மேலே மொட்டைமாடி முழுக்க மாடி வீட்டுக்காரர் எபெர்த்தோவின் பந்தயப் புறாக்கள். காயப்போட்ட துணியெல்லாம் எச்சமாகிறதே என்று ஒரு நாள் சண்டை போட மாடியேறிப் போனவள், இறங்கி வரும்போது கையில் அவருடைய நோட்டுப் புத்தகங்களோடு வந்தாள். பதினேழு நோட்டு. எந்தப் புறா எதற்குப் பிறந்தது, கால் வளையத்தில் என்ன எண், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்று இருபது வருடக் கதை. துணி விவகாரம் என்ன ஆயிற்று என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

பத்து மாதத்தில் நிரல் தயாராகிவிட்டது. வளைய எண்ணை அடித்தால் ஏழு தலைமுறை வந்து நிற்கும். எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்க்கக்கூடாது என்றுகூடச் சொல்லும். எல்லாம் தாமாரிஸின் மூளை. ஆனால் அதை வேறொரு கணினியில் ஏற்ற அவள் எழுதிவைத்திருந்த குறிப்பு இரண்டு பக்கம், பதினான்கு படி. எபெர்த்தோ மூன்றாவது படியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அந்தப் பதினான்கு படிகளை ஒஸ்மானி இரண்டு தட்டலாக்கினான். சும்மா இல்லை, ஏழு வாரம் உழைத்தான். முடிதிருத்தும் கடையின் பழங்காலக் கணினி, மருத்துவமனை வரவேற்பில் இருமிக்கொண்டு கிடந்த கணினி, மச்சான் வீட்டில் பாதித் திரை கறுத்துப்போன மடிக்கணினி என்று எட்டு இடத்தில் ஏற்றிப் பார்த்தான். நாற்பத்தெட்டு மெகாபைட்டைப் பத்தொன்பதாக இறுக்கினான். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் பழைய தரவைத் தொடாமல் ஒதுங்கிப் போகவும் பழக்கினான். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு, ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

முதல் திரையில் யார் பெயர் வர வேண்டும் என்பதை அவள் அவனிடமே விட்டிருந்தாள். “பேரெல்லாம் நீயே போட்டுக்கோடா, எனக்கு அது அலுப்பு” என்றாள். இன்ஸ்டாலருக்குள் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, அதில் இரண்டே வரி. எழுதியவர் தாமாரிஸ் கிஞ்ஞோனெஸ். பொதிந்தவர் ஒஸ்மானி பகயாவோ. நிரலுக்குள் இருக்கும் ‘இதைப் பற்றி’ பக்கமும் அதே கோப்பைத்தான் படிக்கும்.

புறாக்காரர்கள் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலோமாரைப் போட்டுக் காட்டினார்கள். எபெர்த்தோவின் மாடியில் இருபது பேர், இரண்டு புட்டி ரம், ஒரு பெரிய சட்டி சோளக்கூழ். ஏழு தலைமுறை திரையில் வந்து விழுந்ததும் பெரிய பெரிய ஆண்கள் சின்னப் பிள்ளைகளைப் போல வாயைப் பிளந்தார்கள். ஒவ்வொருவராக வந்து தாமாரிஸின் தோளைத் தட்டினார்கள். யாரோ ஒருவர் ஒஸ்மானியைக் காட்டி, இந்தத் தம்பி என்ன செய்தான் என்று கேட்டார். தாமாரிஸுக்கும் இரண்டு மடக்கு உள்ளே போயிருந்தது.

“இவனா? நான் ரொட்டி சுட்டேன், இவன் பேப்பர்ல மடிச்சுக் குடுத்தான். நம்ம ஊர்ல ரொட்டிய யாருங்க மடிச்சுக் குடுக்கறா? அதான் இவன் அபூர்வமான ஆளு.”

மாடியே சிரித்தது. ரேஷன் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுபோகிற ஊரில் அது நல்ல நகைச்சுவைதான். ஒஸ்மானியும் சிரித்தான். அன்றைக்கு முழுக்க “ஏய், ரொட்டிப் பேப்பர், இன்னும் கொஞ்சம் ரம் ஊத்து” என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்தான். ஏழு வாரம் கண்ணாமுழி பிதுங்கியது அவனுக்குத்தானே தெரியும். உள்ளே புழுங்கியது.

மறுநாள் மத்தியானம் கடைசித் தடவையாக இன்ஸ்டாலரைக் கட்ட உட்கார்ந்தான். அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தான். முதல் வரியை அழித்தான். இரண்டாவது வரியில் ‘பொதிந்தவர்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டான். வெறும் ஒஸ்மானி பகயாவோ மட்டும் நின்றது. ஒரு நாள் அப்படி இருக்கட்டும், அவளுக்குக் காட்டிக் கொஞ்சம் வெறுப்பேற்றிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான். பார்த்தால் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு என்று பார்த்து யொர்தான் வந்து நின்றான். தெருமுனையில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். வாராவாரம் ஹவானாவிலிருந்து பேருந்தில் வரும் வன்தட்டில் தொடர்கள், படங்கள், பாட்டுகள், நிரல்கள் எல்லாம் இருக்கும். அந்தப் பொட்டலத்தைத் தீவே நகலெடுத்துக்கொள்ளும். யொர்தானின் ஆள் இன்னும் அரை மணியில் ஹவானாவுக்கு வண்டி ஏறுகிறான், கொடுத்தால் இந்த வாரமே உள்ளே போகும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் இடம் கிடைக்குமா என்று தெரியாது என்றான். கொஞ்சம் இரு, ஒரு வரி மாற்ற வேண்டும் என்று ஒஸ்மானி சொல்லியிருக்கலாம். மறுபடி கட்ட நாலு நிமிடம் ஆகும். அவன் சொல்லவில்லை. யொர்தானின் வன்தட்டைச் செருகிக் கோப்பை அதில் போட்டான்.

பொட்டலத்தில் போனது போனதுதான். பொத்தானை அழுத்தித் திரும்ப வாங்க வழியில்லை. மூன்றே வாரத்தில் பினார் தெல் ரீயோ முதல் குவாந்தானமோ வரை புறா வைத்திருக்கிற வீடுகளிலெல்லாம் பாலோமார் உட்கார்ந்துவிட்டது. முதல் திரையை யாரும் படிக்கவில்லை. எங்கள் ஆட்கள் இன்ஸ்டாலரைப் பார்த்தால் ‘அடுத்து, அடுத்து, முடிந்தது’ என்று அடித்துக்கொண்டே போவார்கள். தாமாரிஸ் தன் கணினியில் மூல நிரலை வைத்துத்தான் வேலை செய்தாள், அவள் எதற்கு இன்ஸ்டாலரைத் திறக்கப் போகிறாள்? ஒஸ்மானியும் அடுத்த பதிப்பில் சரி பண்ணிவிடலாம் என்று இருந்தான். நான்கு மாதம் ஓடிவிட்டது. யாரும் குறை சொல்லாததால் அடுத்த பதிப்பு என்ற ஒன்று வரவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தாமாரிஸ் அவனுடைய அலுவலகத்துக்கே வந்தாள். முகமெல்லாம் பல். ஹவானாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு மென்பொருள் குழுவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை கிடைத்தால் தங்க ஒரு தனி அறையும் உண்டு. முப்பத்தொரு வயதில் முதல் தடவையாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம் என்றாள். அவளுக்குச் சான்றிதழ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நீ செய்த ஒரு வேலையைக் காட்டு என்றார்களாம்.

“பாலோமார்னு சொன்னேன்டா. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அது ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கு, பொட்டலத்துல வந்துச்சு, அதையே தொறந்து பேசலாம்னுட்டாங்க. என் வேலை எனக்கு முன்னாடியே ஹவானா போய்ச் சேந்திருக்கு, பாரேன்.”

ஒஸ்மானிக்கு முதல் திரையில் தனியாக நின்ற தன் பெயர் ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எதிரில் நின்றவளின் சந்தோஷத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. நல்லது, நல்லது என்று இரண்டு தடவை சொன்னான். அவள் போனதும் உட்கார்ந்து இரண்டு பெயரையும் சரியாகப் போட்டுப் புது இன்ஸ்டாலர் கட்டினான். புதன்கிழமை அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். அவள் கட்டிலின் மேல் துணி விரித்துச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பிள்ளைகள் மூன்றும் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. பென்டிரைவைக் கொடுத்தால் எதற்கு இது என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். அது சட்டைப்பையிலேயே கிடந்தது. நல்லபடியாகப் போய் வா என்று கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு வந்தான். அவர்கள் எங்கே முதல் திரையைப் பார்க்கப் போகிறார்கள், எல்லாரும் ‘அடுத்து’ தட்டுகிறவர்கள்தானே என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவன் கோழி வரிசையில் நின்றான். இரண்டு வாரத்துக்குப் பிறகு கோழி வந்திருந்தது, அவனுக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் அதற்கு மேல். கைப்பேசி அடித்தது. ஹவானா எண்.

ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். பாலோமார் ஒஸ்மானி பகயாவோ நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

“ஒரு சின்ன விஷயம் கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. முதல் திரையில, உள்ள இருக்கற பக்கத்துல, ரெண்டுலயும் உங்க பேர் மட்டும்தான் இருக்கு. இங்க தாமாரிஸ் கிஞ்ஞோனெஸ்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. எழுதினது நான்தான்ங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, யார் எழுதினது?”

வரிசையில் நிற்கிற ஆட்களுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்பதைவிட வேறு என்ன பொழுதுபோக்கு? முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பின்னால் நின்ற தபால்காரர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். உண்மையைச் சொல்வதென்றால், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அதனால் அவள் பெயரை அழித்துவிட்டேன் என்று அத்தனை பேர் காதுபட, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். ஒஸ்மானி செருப்பு நுனியைப் பார்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது.

“அது வந்து... அவங்களும் உதவி பண்ணினாங்க.”

அப்புறம் அந்தப் பெண் நன்றி சொன்னாள். இன்ஸ்டாலர் மிக நேர்த்தியாக இருக்கிறது, இந்த மாதிரி சுத்தமாகக் கட்டினதைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். கேவலம் என்னவென்றால், அந்தப் பாராட்டைக் கேட்டு ஒரு நொடி அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஏழு வாரத்து உழைப்பைப் பார்த்து அப்படிச் சொன்னவர் அதுவரை வேறு யாருமில்லை. இணைப்பு அறுந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, உதவிதானே என்று முணுமுணுத்துப் பார்த்தான். அவன் முறை வந்தபோது கோழி தீர்ந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததும் அந்தப் பெண்ணின் எண்ணுக்குத் திரும்ப அடித்தான். அடித்துப் பார்த்தால் அது நிறுவனத்தின் பொது எண். எடுத்த ஆள், நேர்காணலெல்லாம் நேற்றே முடிந்தது, பெயர்களும் முடிவாகிவிட்டன என்றான். செய்தி ஏதாவது எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பாலோமாரை எழுதியது தாமாரிஸ்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றான் ஒஸ்மானி. புறாவா என்று கேட்டுவிட்டு அவன் எழுதிக்கொண்டான், அல்லது எழுதுவதுபோல் சத்தம் கொடுத்தான்.

அங்கிருந்து நேராக யொர்தானின் கடைக்குப் போய்ப் புது இன்ஸ்டாலரைக் கொடுத்தான். புதிதாக என்ன இருக்கிறது என்று யொர்தான் கேட்டான். ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன் என்றான். யொர்தான் அவனைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். “பேருக்காக யாருடா திரும்ப ஏத்துவான்? ஓடறத யாரும் தொட மாட்டாங்க. சரி, போட்டு வைக்கறேன்” என்றான். கடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய பிரதியைத் திறந்து காட்டினான். வழியில் நகலெடுத்த ஒவ்வொரு கடைக்காரனும் இன்ஸ்டாலரோடு தன் விளம்பரத்தையும் சேர்த்துவிட்டிருந்தான். சியெகோ தெ ஆவிலாவில் ஒருவன், ஓல்கினில் இரண்டு பேர், கைப்பேசி எண்ணோடு சாந்தா கிளாராவில் ஒரு ஐஸ்கிரீம் கடை. சம்பந்தமே இல்லாத ஐந்தாறு பேர் அதில் இருந்தார்கள். தாமாரிஸ் மட்டும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். ஒஸ்மானியின் அம்மா காப்பி கொடுத்தாள், ஹவானா எப்படி இருந்தது என்று கேட்டாள். சூடு ஜாஸ்தி என்றாள் தாமாரிஸ். அம்மா சமையலறைக்குப் போனதும் ஒஸ்மானி தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். பெயரை அழித்தது நான்தான், அந்த ரொட்டிப் பேப்பர் பேச்சில் எனக்குக் கோபம், வேண்டுமென்றே செய்தேன், திருத்திவிடலாம் என்று இருந்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவள் காப்பியைக் குடித்து முடித்தாள்.

“அந்தத் திரைய அங்கதான்டா முதல்ல பார்த்தேன்” என்றாள். “எனக்கு ஒண்ணும் தோணல. ஏதோ பழைய கோப்பு மாறிப் போயிருக்கும்னு சொன்னேன். அவங்க நம்பல. அப்ப நான்தான் உன் நம்பரக் குடுத்தேன். பார்க்காமலே சொன்னேன், மனப்பாடம் இல்லையா. அவன் பொய் சொல்ல மாட்டான், அவனையே கேளுங்கன்னேன்.”

ஒஸ்மானி நிமிர்ந்தான்.

“மேஜை மேல வச்சு, ஸ்பீக்கர்ல போட்டாங்க. நாலு பேர் இருந்தாங்க. கோழிக் கடையில ஆளுங்க பேசறதுகூடக் கேட்டுச்சு. நீ கொஞ்ச நேரம் பேசாம இருந்தியே, அப்ப நான் அவங்களப் பார்த்துச் சிரிச்சேன்டா. அவனுக்குக் கூச்சம், புகழ்ந்து பேச வராது, அதான் வார்த்தை தேடறான்னு சொன்னேன்.”

அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மூலம் உன் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? எடு.”

எடுத்தான். முழுவதையும் அழிக்கச் சொன்னாள். புதிதாகக் கட்டினதில் உன் பெயர் முதலில் இருக்கிறது, அதையாவது வைத்துக்கொள்கிறேனே என்று கெஞ்சினான். என் பெயரை நீ எழுதவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம் என்றாள். குரல் உயரவே இல்லை. யொர்தானிடம் கொடுத்த பிரதியை, அவன் சொல்லித் தெரிந்து, வரும் வழியிலேயே அவள் திரும்ப வாங்கி வந்திருந்தாள். அழித்து முடியும்வரை நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வைத்தாள். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து அம்மாவுக்குக் காப்பிக்கு நன்றி சொன்னாள். ஒஸ்மானியிடம் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினாள்.

அதோடு பாலோமாருக்கு அடுத்த பதிப்பு இல்லாமல் போயிற்று. தீவு முழுக்க ஓடுவது அந்த ஒன்றுதான், அதில் இருப்பது அந்த ஒரே பெயர்தான். தாமாரிஸ் இன்னும் லா கரிதாதில் அந்த இரண்டு அறைகளில்தான் இருக்கிறாள், ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறாள். தெருவில் எதிரே வந்தால் பாதை மாறுவதில்லை, வணக்கம் சொல்கிறாள். அவள் திட்டிவிட்டாலாவது தேவலை என்று ஒஸ்மானிக்கு இருக்கிறது.

போன மாதம் பயாமோவிலிருந்து ஒரு புறாக்காரர் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்கே வந்துவிட்டார். தன்னுடைய நீலப் பெட்டைப் புறாவின் வம்சத்தைப் பாலோமார்தான் காப்பாற்றியதாம், கைகொடுக்காமல் போக மனசு கேட்கவில்லையாம். ஒஸ்மானி அவரை உட்காரவைத்து, எழுதியது நான் இல்லை, தாமாரிஸ் கிஞ்ஞோனெஸ் என்று ஒரு பெண், இதே ஊர்தான், நான் அவளுக்குச் செய்தது துரோகம் என்று அட்சரம் விடாமல் சொன்னான். வந்தவர் பொறுமையாகக் கேட்டார். எழுந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு பெரிய வேலையப் பண்ணிட்டு, நான் இல்லைங்கறீங்களே, தம்பி” என்றார். “இந்த அடக்கம் யாருக்கு வரும்?”

அவருடைய ஊர்ச் சங்கத்தில் இப்போது அதைத்தான் பேசிக்கொள்கிறார்களாம்.